வன்னியில் படிப்பைத் தொடர: முன்னாள் போராளிகளின் மனைவியருக்கும் போரில் கணவனை இழந்தோருக்கும் ஒரு கைநூல்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். முன்னாள் போராளியின் மனைவி என்பதற்காகவே கல்லூரிக் கட்டணம் தரும் அரச திட்டம் எதையும் நம்பி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டாம். 1999இல் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை அரச படையினர், பொலிஸார் குடும்பங்களுக்கானது. அந்தக் கதவு வேறு. 2009க்குப் பிறகு ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு பெற்று வெளியே வந்தார்கள். அவர்களின் மனைவியர் படிக்க விரும்பினால் எல்லோருக்கும் பொதுவான வழிகளையே பிடிக்க வேண்டும். அந்த வழிகளில் பல இலவசம். ஆனால் கட்டணம் இல்லாத படிப்புக்கும் செலவு உண்டு. பஸ் காசு, பிள்ளையைப் பார்ப்பவருக்குக் கொடுப்பது, இழக்கும் நாட்கூலி, துணி, நூல், போட்டோக்கொப்பி என்று அது வந்துகொண்டே இருக்கும். உதவி கேட்க வேண்டியது இந்தச் செலவுக்குத்தான். கட்டணத்துக்கு உதவி தேடி, கட்டணம் அதிகமான படிப்பில் சேர்ந்து, பாதியில் பஸ் காசு இல்லாமல் நிற்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

எந்தப் படிப்பு உங்களுக்குத் திறந்திருக்கிறது

உங்கள் கையில் என்ன பெறுபேறு இருக்கிறது என்பதைப் பொறுத்தது இது.

சாதாரண தரம் முடிக்காதவர்களுக்கும் வழி உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபை (வீ.ரீ.ஏ.), தேசிய பயிலுநர் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை (நைற்றா), தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவை நடத்தும் பயிற்சிகளில் தையல், வெதுப்பகம், அழகுக்கலை, கணினி போன்ற பலவற்றுக்கு நுழைவுத் தகுதி குறைவு. இவற்றின் முடிவில் கிடைப்பது தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. மட்டம் 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்கு இணையானது. மட்டம் 3, 4 முடித்தவர் அதே ஏணியில் மேலே ஏறலாம். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் திறக்கக்கூடிய ஒரே மேற்படிப்புக் கதவு பெரும்பாலும் இதுதான்.

ஏற்கெனவே பத்து வருடமாகத் தைத்துக்கொண்டிருப்பவர் ஆறு மாதம் வகுப்பில் இருந்து ஊசியில் நூல் கோக்கப் பழக வேண்டியதில்லை. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று உண்டு. நைற்றாவின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பித்து, செய்த வேலைக்கு ஆதாரம் காட்ட வேண்டும். தைத்த உடுப்புகளின் படம், வாடிக்கையாளர் கடிதம், வேலை செய்த கடையின் கடிதம் போன்றவை போதும். பிறகு மதிப்பீட்டாளர் செய்முறையைப் பார்த்து, கேள்வி கேட்டு முடிவு சொல்வார். பலர் தோற்பது செய்முறையில் அல்ல. அளவெடுப்பு, துணிக் கணக்கு, பாதுகாப்பு பற்றிய கேள்விகளில்தான். ‘கைக்கணக்கில் வெட்டுவேன்’ என்று சொன்னால் புள்ளி விழாது. எடுக்கும் அளவுகளைத் தாளில் எழுதி வெட்டும் பழக்கத்தை இரண்டு கிழமையாவது முன்கூட்டிச் செய்து பாருங்கள்.

உயர்தரம் வரை படித்தவர்களுக்கு வழிகள் கூட. வவுனியா தொழில்நுட்பக் கல்லூரியும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் முழுநேரப் பயிற்சிகள் நடத்துகின்றன. இவற்றில் பலவற்றுக்கு வயதெல்லை இருப்பதால் அறிவித்தலில் முதலில் அதைப் பாருங்கள். வவுனியாவிலுள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் முழுநேர உயர் தேசிய டிப்ளோமாவுக்குக் கட்டணம் இல்லை. வார இறுதியில் நடக்கும் பகுதிநேர வகுப்புக்குக் கட்டணம் உண்டு. பகலில் வேலைக்குப் போகும் பெண்கள் பகுதிநேரத்தைத் தேர்வது இயல்பு. ஆனால் அந்தக் கட்டணத்தையும் இழக்கும் கூலியையும் ஒன்றாக வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

அரச பல்கலைக்கழகத்துக்கு உயர்தரத்தில் மூன்று தடவைக்குள் இடம் பெற வேண்டும். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் (2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகவும், மாணவர் உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்ந்தது. வருகை 80 சதவீதத்துக்குக் குறைந்தால் நிறுத்துவார்கள். திருமணமாகி, பிள்ளையும் பெற்று, இன்னும் உயர்தர வாய்ப்பு எஞ்சியிருப்பவர் குறைவுதான். இருந்தால் அதை வீணாக்காதீர்கள்.

கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் வர்த்தமானியில் வயதையும் திருமண நிலை பற்றிய நிபந்தனையையும் முதலில் வாசியுங்கள். அதைப் பார்க்காமல் விண்ணப்பச் செலவைத் தொலைத்தவர்கள் பலர்.

திறந்த பல்கலைக்கழகம்

பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு மிகப் பொருந்தும் வழி இது என்பது எங்கள் கணிப்பு. 18 வயதுக்கு மேற்பட்டவர் யாரும் அடிப்படைப் பாடநெறியில் தொடங்கலாம். உயர்தரம் இல்லாதவர் பட்டப்படிப்புக்குப் போக அந்த அடிப்படைப் படி ஒரு பாலம். முன்பள்ளி ஆசிரியைகளாக வேலை செய்பவர்களுக்கு முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் நெறி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையமும் வவுனியாவில் நிலையமும் இருப்பதால் நாவலவிலுள்ள தலைமையகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

இங்கே கட்டணம் உண்டு. பாடம் பாடமாகவே பதிவதால், கையில் காசு குறைந்த வருடம் குறைந்த பாடங்களைப் பதிவு செய்யலாம். வருமானம் குறைந்த மாணவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. பதிவு செய்யும் நாளிலேயே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் காலம் கடந்திருக்கும்.

எங்கே வழுக்கும்? ஒப்படைகளிலும் தொடர் மதிப்பீட்டிலும். அவற்றில் தேவையான புள்ளி வராதவர் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி பெறமாட்டார். அந்தப் பாடத்தை மீண்டும் பதிய மீண்டும் காசு கட்ட வேண்டும். ‘பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கிறதே, பிறகு படிப்பம்’ என்று விடுபவர்கள் அந்த ஒரு பாடத்துக்கு இரண்டு தடவை கட்டணம் கட்டுகிறார்கள். ஒப்படைத் திகதிகளை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள். நவம்பர், டிசம்பர் மாரியில் பாலமும் வீதியும் மூழ்கும் கிராமமென்றால் திகதிக்கு ஒரு கிழமை முன்னமே அனுப்பிவிடுங்கள்.

காசு கட்டும் முன் பாருங்கள்

சந்திக்குச் சந்தி ‘டிப்ளோமா’ பதாகை தொங்குகிறது. தனியார் நிறுவனம் எதுவாயினும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா, பதிவு இன்றைக்கும் செல்லுமா என்று கேளுங்கள். அத்தோடு முடியவில்லை. நிறுவனம் பதிந்திருந்தாலும் நீங்கள் சேரும் பாடநெறி தனியாக அங்கீகரிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்.வி.கியூ. சான்றிதழ் வராது, வருவது அந்த நிறுவனத்தின் அழகான தாள் மட்டுமே. ‘சான்றிதழில் என்.வி.கியூ. மட்டம் எத்தனை என்று எழுதியிருக்கும்?’ என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் காசைக் கையில் எடுக்க வேண்டாம்.

வட்டியில்லா மாணவர் கடன் என்று ஒன்று உண்டு. அது உயர்தரம் சித்தியடைந்து, அரச பல்கலைக்கழக இடம் கிடைக்காதவர்கள் அங்கீகரிக்கப்பட்ட தனியார் உயர்கல்வி நிறுவனங்களில் பட்டம் படிப்பதற்கான கடன். நிறுவனங்கள் பெரும்பாலும் கொழும்புப் பக்கம், படிப்பு ஆங்கிலத்தில், பிணையாளர் வேண்டும். கடன் என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய படிவம்.

ஆவணங்கள்: உண்மையான தடை இங்கேதான்

வன்னியில் 2009இல் பெட்டியோடு போனது நகையும் உடுப்பும் மட்டுமல்ல, சான்றிதழ்களும்தான். இந்த வேலையைப் பாடநெறி அறிவித்தல் வருவதற்கு முன்னமே தொடங்குங்கள். அறிவித்தல் வந்த பிறகு இரண்டு, மூன்று கிழமையே தருவார்கள். அதற்குள் எதுவும் கைக்கு வராது.

பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிறந்த ஊருக்கே போக வேண்டியதில்லை. பதிவு இலக்கம் தெரிந்தால் வேலை சீக்கிரம் முடியும். தெரியாவிட்டால் பிறந்த திகதி, பிறந்த இடம், பெற்றோர் பெயர் எழுதிக் கொண்டு போங்கள்.

சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் கேட்க வேண்டும். எழுதிய ஆண்டு, பாடசாலை, அப்போது எழுதிய முழுப்பெயர், தெரிந்தால் சுட்டெண் ஆகியவற்றைக் குறித்துக் கொள்ளுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரம் இல்லை, பாடசாலையின் பதிவேடும் இல்லை என்றால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். சாதாரண தரத்தில் ஒன்றிரண்டு பாடம் குறைகிறதென்றால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மீண்டும் எழுதலாம். அந்த விண்ணப்பத்துக்கும் முடிவுத் திகதி உண்டு.

பெயர் வித்தியாசம் பெரிய தலையிடி. பிறப்புச் சான்றிதழில் ‘சிவக்குமார் மனோகரி’, அடையாள அட்டையில் ‘சிவகுமார் மனோகரி’, பாடசாலைப் பத்திரத்தில் ‘எஸ். மனோகரி’, கலியாணத்துக்குப் பிறகு அதே பெயர் கணவன் பெயரோடு. நாலும் ஒருவரே என்று யாரும் தானாக ஏற்க மாட்டார்கள். சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, நாலு பெயரையும் அப்படியே எழுதி, ‘இவை அனைத்தும் என்னையே குறிக்கும்’ என்று போடுங்கள். ஒரே சத்தியக்கடதாசியில் நாலு பெயரும் வர வேண்டும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒன்று ஒன்றாகத் தனியே முடிக்க வேண்டாம். பிறகு அடையாள அட்டையை மாற்றும்போது பிறப்புச் சான்றிதழ்ப் பெயருக்கே மாற்றுங்கள்.

திருமணப் பதிவு இல்லாதவர்கள் அதிகம். இடம்பெயர்வில் தாலி கட்டிய பலர் பதிவாளரிடம் போகவில்லை. கணவர் உயிரோடு இருந்தால் இப்போது பதிவதே நல்லது. கணவர் இல்லை என்றால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதுவே பெரிய ஆதாரம். அதனோடு கிராம அலுவலரின் கடிதமும் சத்தியக்கடதாசியும் சேர்த்தால் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் ஏற்கும். அரச அலுவலகம் ஏற்குமா என்பது அந்தந்தப் படிவத்தைப் பொறுத்தது.

கணவர் காணாமற்போனவர் என்றால் இறப்புச் சான்றிதழை எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்ற தனிப் பத்திரத்துக்கு வழி செய்தது. ‘செத்துப்போனார்’ என்று கையெழுத்திட மனம் வராத தாயும் மனைவியும் அதைக் கொண்டு அலுவல் பார்க்கலாம். விண்ணப்பத்தில் ‘விதவை’ என்ற இடத்தில் அடையாளம் இடாமல், ‘கணவர் காணாமற்போனவர், சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள்.

இன்னொன்று. கணவரின் புனர்வாழ்வு விடுதலைச் சான்றிதழை, கேட்டால் தவிர எந்த விண்ணப்பத்தோடும் இணைக்க வேண்டாம். எந்தப் படிவம் அதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று வாசித்த பிறகு கொடுங்கள். அதன் மூலப் பிரதியை எவரிடமும் விட்டுவர வேண்டாம். தேவையில்லாமல் பிரதிகள் பல மேசைகளில் கிடந்தால் தேவையில்லாத விசாரிப்பும் வரும்.

உதவி எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது

முதல் கதவு கிராம அலுவலர். இரண்டாவது பிரதேச செயலகம். அங்கே சமூகசேவை உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று தனித்தனி மேசை இருக்கும். பயிற்சி நிலையங்களின் அறிவித்தல் கடைசி மேசைக்குத்தான் முதலில் வரும். ‘இப்ப ஒன்றும் இல்லை’ என்றால் பெயரையும் கைப்பேசி இலக்கத்தையும் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள். அஸ்வெசும கொடுப்பனவு பெறுபவர் அதன் விபரத்தையும் எடுத்துப் போங்கள். வருமானம் குறைவு என்பதற்கு அதைவிட எளிதான ஆதாரம் இல்லை.

வெளிநாட்டிலிருந்து உதவும் சங்கங்களும் உறவுகளும் அடுத்தது. இங்கே சில கட்டுப்பாடுகளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கட்டணம் நேரடியாக நிறுவனத்துக்கே கட்டப்பட வேண்டும், பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் படமும் பிள்ளைகளின் படமும் முகநூலில் போடப்படுமா என்று முன்னமே கேளுங்கள். ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு மாதத்துக்கு மட்டும் தருபவரைவிடப் பாடநெறி முடியும்வரை குறைந்த தொகை தருபவரே மேல்.

எவரிடம் கேட்டாலும் தொகையைக் கணக்கோடு கேளுங்கள். உதாரணமாக ஆறு மாதத் தையல் பயிற்சி, பயிற்சி இலவசம் என்று வைப்போம். பஸ் ஒரு தடவைக்கு 150 ரூபா, ஒரு நாளுக்கு 300, மாதம் 22 நாளுக்கு 6,600. ஆறு மாதத்துக்கு 39,600. பிள்ளையைப் பார்ப்பவருக்கு மாதம் 5,000 என்றால் 30,000. துணி, கத்தரிக்கோல், நூல் 4,500. மொத்தம் 74,100 ரூபா. இந்தக் கணக்கைப் போடும்முன் ‘சபை’ (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் சீசன் (மாதப் பயணச்சீட்டு) கிடைக்குமா என்று பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள். கிடைத்தால் பஸ் செலவு பெருமளவு விழும். ஆனால் சீசன் தனியார் பஸ்ஸில் செல்லாது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதி, பரந்தன்–முல்லைத்தீவு வீதி போன்றவற்றில் உங்கள் வகுப்பு நேரத்துக்குச் சபை பஸ் வருகிறதா என்று ஒருநாள் நின்று பார்த்துவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். துன்பத்தை விரித்து எழுத வேண்டாம். வாசிப்பவருக்குத் தேவை எண்களே. இப்படி எழுதலாம்:

‘பிரதேச செயலாளர் அவர்களுக்கு, கிராம அலுவலர் ஊடாக. ஐயா/அம்மா, மேற்படி முகவரியில் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். எனது கணவர் காலில் ஏற்பட்ட காயத்தால் பாரமான வேலை செய்ய முடியாதவர். குடும்ப வருமானம் எனது நாட்கூலி மட்டுமே. … பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. மட்டம் 4 தையல் பயிற்சிக்குத் தெரிவாகியுள்ளேன். பயிற்சி ஆறு மாதம், கட்டணம் இல்லை. பயணம், பிள்ளைப் பராமரிப்பு, பொருட்களுக்கு மொத்தம் 74,100 ரூபா தேவை. இதில் 24,100 ரூபாவை நான் ஏற்பேன். மீதி 50,000 ரூபாவுக்கு உதவி வேண்டுகிறேன். தெரிவுக் கடிதம், செலவு விபரம், அடையாள அட்டைப் பிரதி இணைக்கப்பட்டுள்ளன.’

நீங்கள் ஏற்கும் பங்கை எழுதாத கடிதம் மேசையில் கீழே போய்விடும். தெரிவுக் கடிதம் இல்லாமல் உதவி கேட்பதும் வீண். ‘சேர்ந்தால் தருவோம்’, ‘தந்தால் சேர்வேன்’ என்று இரு பக்கமும் காத்திருப்பார்கள். முதலில் இலவச இடத்தைப் பிடித்து, தெரிவுக் கடிதத்தோடு கேளுங்கள். கடிதத்தைக் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் ‘கிடைத்தது’ என்று திகதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்கிய பிறகு

முன்பள்ளி மத்தியானத்துக்கு முன்னமே விடும், உங்கள் வகுப்பு பின்னேரம்வரை நடக்கும். இடையிலுள்ள அந்த மூன்று நாலு மணித்தியாலத்துக்கு யார் என்பதைச் சேர்வதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மாமியார், அயல் வீட்டு அக்கா, ஒரே வகுப்புப் பெண்ணின் தாயார் என்று இரண்டு பேராவது வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் வருகை விழுந்துவிடும்.

வருகை விழும் இன்னொரு காலம் காலபோக அறுவடை. தை, மாசியில் வயலில் ஒரு நாள் நின்றால் கையில் காசு. வகுப்பைவிட அது கண்ணுக்குத் தெரியும் காசு. அந்த மாதங்களில் வருகை குறைந்தே பலர் சான்றிதழில்லாமல் நிற்கிறார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் தொடங்கும் பிரிவு இருந்தால் அதில் சேருங்கள். முடியாவிட்டால் பயிற்றுவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லி, எத்தனை நாள்வரை விடுப்பு எடுக்கலாம், எத்தனைக்கு மேல் மதிப்பீட்டுக்கு இருக்க முடியாது என்று எண்ணோடு கேட்டு, நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வாருங்கள்.

வரும் பற்றுச்சீட்டு, கடிதம், வருகைக் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் போடுங்கள். மாரியில் ஓலைக் கூரை ஒழுகும் வீடென்றால் அந்தக் கோப்பை இன்னொரு பையில் கட்டி, உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுத்து வேறொரு ஆளின் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள்.